தீவுக் காற்றில் முகத்துக்கு எந்த எண்ணெய்?

மே கடைசியில் தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் போர்ட் பிளேரில் துணி காயாது, உப்பு ஜாடி தண்ணீர் விடும், பொரித்த அப்பளம் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் நமுத்துப்போகும். என் பார்லருக்கு வருகிறவர்களின் முகத்திலும் பொரிகள் அதிகம் தெரிவது அந்த மாதங்களில்தான். (அரசாங்கக் காகிதத்தில் 2024 செப்டம்பரிலிருந்து ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜயபுரம். வாயில் வருவது இன்னும் போர்ட் பிளேர்தான், அப்படியே எழுதுகிறேன்.)

நாற்காலியில் உட்கார்ந்ததும் பலர் கேட்பது, "அக்கா, முகத்துக்கு எந்த எண்ணெய் நல்லது?" போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். வறண்ட தோலுக்கு இது, பிசுக்குத் தோலுக்கு அது என்று யாரோ மெயின்லேண்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டிருப்பார். அந்தப் பட்டியல் பெரும்பாலும் தப்பில்லை. ஆனால் அதைப் போட்டவர் எங்கள் காற்றில் வாழ்ந்தவர் இல்லை. வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை, இரண்டு பருவமழையும் நனைக்கும், சுற்றிலும் கடல். இந்த ஊரில் தோலின் வகையைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தோல் எந்தக் காற்றில் இருக்கிறது என்று நான் கேட்பேன்.

காரணம் சின்னது. எண்ணெய் தோலுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. மேல்தோலின் செல்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கை நிரப்பி, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகாமல் மூடி போடுகிறது, அவ்வளவுதான். காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த மூடிக்கு வேலை குறைவு. வேர்வையும் தோல் தானாகச் சுரக்கும் பிசுக்கும் அடியில் தேங்கி நிற்பதுதான் மிச்சம்.

இதை எனக்குக் கண்முன்னே காட்டுகிறவர்கள் கடற்படை, கடலோரக் காவல்படைக் குடும்பத்துப் பெண்கள். ராஜஸ்தானிலிருந்தோ பஞ்சாபிலிருந்தோ மாற்றலாகி வருவார்கள், பெட்டியில் பாதாம் எண்ணெய் பாட்டில் இருக்கும். அந்த ஊர்க் குளிர்காலத்தில் உதடு வெடிக்கும், கன்னம் செதில் விடும். அங்கே ராத்திரி பாதாம் எண்ணெய் பூசுவது புத்திசாலித்தனம். இங்கே வந்தும் அதே அளவு பூசுவார்கள். கொஞ்ச நாளில் தாடையோரம், நெற்றியோரம் பொரிப்பொரியாக வரும். "தீதி, எங்க பாட்டி காலத்திலேர்ந்து இதே எண்ணெய்தான்" என்பார்கள். "எண்ணெய் அதேதான் பாபி, ஊர்தான் வேற" என்பேன். இந்தியில்தான் சொல்வேன், இங்கே எல்லாருக்கும் பொது பாஷை அதுதான்.

பாதாம் எண்ணெயில் பெரும்பங்கு ஓலிக் அமிலம். ஆலிவ் எண்ணெயிலும் அப்படியே, முக்கால் பங்கை நெருங்கும். சூரியகாந்தி, குசும்பா, திராட்சை விதை எண்ணெய்களில் லினோலிக் அமிலம் தூக்கலாக இருக்கும். நல்லெண்ணெயில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. பாட்டிலின் முன்பக்கம் எழுதியிருக்கும் புகழுரையை விட்டுவிட்டு இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும். ஓலிக் கனம், நன்றாக ஊறும், வறண்ட தோலுக்கு இதமாகத் தெரியும். ஆனால் தோலின் அடுக்கை லேசாகக் கலைத்துவிடவும் செய்யும். 2013இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பெரியவர்களின் கையில் சில வாரம் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், தோலின் காப்பு பலவீனமானது. சூரியகாந்தி எண்ணெய் அந்தச் சேதத்தைச் செய்யவில்லை. லினோலிக், தோல் தன் காப்புச் சுவரைக் கட்டவே எடுத்துக்கொள்ளும் அமிலம். முகப்பரு உள்ளவர்களின் பிசுக்கில் அது குறைவாக இருக்கிறது என்பதும் பழைய கண்டுபிடிப்பு.

ஆகவே முகத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மணம் சேர்க்காத, செக்கில் ஆட்டிய சூரியகாந்தி எண்ணெய். கேட்டதும் முகம் சுளிப்பார்கள். வடை சுடுகிற எண்ணெயா என்பார்கள். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைத் தடவிப் பார்த்ததில் ஆஸ்பத்திரித் தொற்று குறைந்ததாக 2005இல் லான்செட் இதழில் வந்தது. அவ்வளவு மென்மையான தோல் ஏற்றுக்கொண்டதை நம் கன்னம் ஏற்காதா? லேபிளில் 'ஹை ஓலிக்' என்று போட்டிருந்தால் மட்டும் வேண்டாம். அது சமையலுக்கென்று மாற்றி வளர்த்த ரகம், லினோலிக் போய்விட்டிருக்கும்.

இனி தேங்காய். இதைத் தொட்டால் இந்தத் தீவில் சண்டை வரும்.

தேங்காய் எங்கள் தீவுகளின் சோறு, காசு, கௌரவம் எல்லாம். நிக்கோபாரில் கொப்பரைதான் பணப்பயிர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தத் தோப்புகள் அழிந்து, மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். நிக்கோபார் மக்கள் எடுக்கும் விர்ஜின் தேங்காய் எண்ணெய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கொப்பரையைப் புகையில் உலர்த்தி ஆட்டிய எண்ணெய்க்கும் பச்சைத் தேங்காய்ப் பாலிலிருந்து எடுத்த எண்ணெய்க்கும் வித்தியாசம் மூக்குக்கே தெரியும். முன்னது மஞ்சளோடி, லேசாகப் புகை வாடை அடிக்கும். பின்னது தண்ணீர் நிறம், துருவிய தேங்காயின் மணம். தோலுக்கென்றால் பின்னதுதான்.

செக்கெண்ணெய் என்று எழுதிய பாட்டிலை அபர்தீன் பஜாரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்ததைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே செல்லுலார் சிறையிலும் கைதிகளை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். நாளொன்றுக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் எடுத்துக்காட்ட வேண்டும், குறைந்தால் அடி. பஜாரிலிருந்து நடக்கிற தூரம்தான் அந்தச் சிறை. 'பாரம்பரியச் செக்கு' என்று பெருமையாக அச்சடிக்கிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, முகத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். சில கிருமிகளை அது அடக்கும், வறண்ட தோலை நன்றாகப் பதப்படுத்தும். 2004இல் பிலிப்பைன்ஸில், எங்களைப் போலவே தீவுகளில், வறண்ட தோல் உள்ளவர்களுக்குத் தடவிப் பார்த்துத் தேறியது. ஆனால் தடவியது காலில். காலில் எண்ணெய்ச் சுரப்பி குறைவு, முகத்தில் நெருக்கமாக இருக்கும். கால் தாங்குவதை மூக்கோரம் தாங்காது.

நம் பெண்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததே இல்லை என்பார்கள், நெற்றி முழுக்கப் பொரி இருக்கும். கூந்தலைத் தூக்கிப் பார்த்தால் முன்மயிர் ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் பளபளக்கும். வெயிலிலும் வேர்வையிலும் அது இறங்கி நெற்றிக்கு வந்துவிடுகிறது. தலையணை உறையில் ஏறி ராத்திரி கன்னத்துக்கும் போகிறது. தலைக்குப் பூசும் களிம்பால் வரும் இந்த நெற்றிப் பொரியை 1970இலேயே தோல் மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள், உறையை அடிக்கடி மாற்றுங்கள் என்பேன். இதற்கே பலருக்கு நெற்றி தெளிந்துவிடுகிறது.

இணையத்தில் எண்ணெய்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, துவாரத்தை அடைக்கும் என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு ஆதாரம் பெரும்பாலும் முயல் காதில் தடவிப் பார்த்த பழைய சோதனைகள். முயல் காதும் நம் மூக்கும் ஒன்றில்லை. தேங்காய் அதில் 4 வாங்கியிருக்கிறது என்பதற்காக வறண்ட கன்னமுள்ள, அறுபது தாண்டிய ஒரு பாட்டியம்மா தன் வழக்கத்தை விட வேண்டியதில்லை. பருவயதுப் பெண்ணும் பிசுக்கு முகக்காரரும் விட்டுவிடலாம். மேக்கப்பைக் கரைத்துத் துடைத்துக் கழுவத் தேங்காய் எண்ணெய் எல்லாருக்கும் சரி.

கார்பின்ஸ் கோவ் பக்கம் நடந்தால் கடலைப் பார்த்துச் சாய்ந்த புன்னை மரங்கள் தெரியும். அந்தக் கொட்டையின் எண்ணெயைத்தான் 'தமனு' என்று சின்னப் பாட்டிலில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். கொட்டையை உடைத்ததும் பருப்பில் எண்ணெய் கிடைக்காது. வாரக்கணக்கில் உலர்த்தினால் பருப்பு பழுப்பேறிப் பிசுபிசுக்கும், அப்புறம்தான் ஆட்ட முடியும். வருவது கரும்பச்சை, குழம்புப் பதம், கசந்த வாசனை. முன்பெல்லாம் விளக்குக்கும் படகுக்கும் போன எண்ணெய் அது. பரு ஆறிய தடத்தின்மேல் தீக்குச்சி முனையளவு தொட்டு வைக்கலாம், முகம் முழுக்கப் பூசக்கூடாது. பிசின் கலந்திருப்பதால் சிலருக்கு அரிப்பும் சிவப்பும் வரும்.

கடுகெண்ணெயை டிக்லிப்பூர், ரங்கத் பக்கத்திலிருந்து வரும் பெங்காலி அம்மாக்கள் விட மாட்டார்கள். மீன் வறுவலுக்கு அதற்கு ஈடில்லை, நானே வாங்குவேன். முகத்துக்கு வேண்டாம். கண்ணில் நீர் வரவைக்கிற அந்தக் காரம் தோலையும் எரிக்கும். வேப்பெண்ணெயையும் தனியாகப் பூசக்கூடாது. விளக்கெண்ணெய் புருவத்தோடு நிற்கட்டும். கல்யாணப் பெண்கள் கேட்கும் குங்குமாதித் தைலத்தின் அடிப்படை நல்லெண்ணெய். அதில் எவ்வளவு குங்குமப்பூ இருக்கும் என்பதைப் பூவின் விலையையும் பாட்டிலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஹோஹோபாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் விளைகிறது. எண்ணெய் என்கிறோமே தவிர அது திரவ மெழுகு, நம் தோலின் பிசுக்கிலும் அந்த வகை மெழுகு கால் பங்கு இருக்கிறது. பிசுக்கு முகத்துக்கும் பொருந்துவது அதனால்தான். அதோடு சீக்கிரம் கெடாது, எங்களுக்கு அது பெரிய விஷயம். சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் மூன்று நாள். சரக்கறைச் சூடு, ஜெட்டி வெயில், கடை அலமாரி எல்லாம் தாண்டி வருவதற்குள் லினோலிக் நிறைந்த மெல்லிய எண்ணெய்கள் காறத் தொடங்கிவிடும். காறிய எண்ணெய் தோலை அரிக்கும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், பழைய வேர்க்கடலை வாடை அடித்தால் விளக்குக்கு ஊற்றுங்கள். சூரியகாந்தியானால் சின்ன பாட்டில், கருநிறக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ் கதவு.

உங்கள் தோல் எந்த வகை என்று பார்க்க என்னிடம் வரவேண்டியதில்லை. முகம் கழுவித் துடைத்து, எதுவும் பூசாமல், ஃபேனடியில் ஒரு மணி நேரம் இருங்கள். நெற்றி, மூக்கு, கன்னம் மூன்றிலும் தனித்தனி டிஷ்யூவை ஒற்றி எடுங்கள். மூன்றிலும் எண்ணெய்க் கறை என்றால் எண்ணெய் வாங்கும் காசை சன்ஸ்கிரீனில் போடுங்கள். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் கறை என்றால் எண்ணெய் கன்னத்துக்கு மட்டும். இந்த ஊரில் பாதிப்பேர் இந்த ரகம்தான். எங்கும் கறையில்லை, தோல் இழுக்கிறது என்றால் ராத்திரியில் பூசிக்கொள்ளலாம். ஏசி அறையில் நாள் முழுக்க உட்காரும் வங்கி ஊழியர்கள் தீவிலேயே இருந்தாலும் இந்த வறண்ட கூட்டத்தில் சேர்ந்துவிடுவார்கள்.

அளவு இரண்டு மூன்று சொட்டுதான். கழுவிய முகம் ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையில் தேய்த்து அமுக்கி வைக்க வேண்டும். காய்ந்த முகத்தில் பூசினால் மூடுவதற்கு உள்ளே ஈரமே இருக்காது. புது எண்ணெயை முதலில் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தினம் தடவிப் பாருங்கள். பகலில் வேண்டாம், 11 பாகை வடக்கில் அடிக்கிற வெயிலை எந்த எண்ணெயும் தடுக்காது. எலுமிச்சைத் தோல் எண்ணெய் கலந்ததைப் பூசி வெயிலில் போனால் கறுப்புத் திட்டு விழும். ஹேவ்லாக் போய்ச் சிவந்து திரும்பும் சுற்றுலாப் பயணிகள் தேங்காய் எண்ணெய் கேட்டால் நான் குளிர்ந்த தண்ணீர்த் துணியும் கற்றாழையும்தான் கொடுப்பேன்.

மழைக்காலத்தில் நெற்றியிலும் தோளிலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாய், அரிப்போடு பொரி வந்தாலோ, கழுத்தில் வெளுத்த தேமல் படர்ந்தாலோ, அது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. எல்லார் தோலிலும் இருக்கும் பூஞ்சைதான், கொழுப்பைத் தின்று வாழ்வது. தேங்காய் மட்டுமில்லை, மேலே சொன்ன தாவர எண்ணெய்களில் பெரும்பாலானவை அதற்குத் தீனி. எல்லா எண்ணெயையும் நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் போய்ப் பூஞ்சைக்கு மருந்து வாங்குங்கள். அது ஆறும்வரை ஃபேஷியலுக்கு என்னிடம் வரவேண்டாம், வந்தாலும் செய்ய மாட்டேன்.