சைக்கிள் ஹேண்டில்பார் மாத்துறீங்களா? முதல்ல பிரேக்கை பாருங்க!

திருத்தணி:-

ரேஸ் சைக்கிளில் உள்ள வளைந்த ஹேண்டில்பாரை கழற்றிவிட்டு நேர் ஹேண்டில் போடுவது, சாதா கியர் சைக்கிளுக்கு ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில் மாட்டுவது என்று வாலிபர்கள் பலர் சைக்கிளை தங்கள் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் திருத்தணி மலை ரோடு மாதிரி இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கதை கந்தல்தான். மாற்றும் முன் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

ஏன் மாற்றுகிறார்கள்?

வளைந்த ஹேண்டிலில் குனிந்து ஓட்டினால் எதிர்காற்று தாக்கம் குறையும். ஆனால் தினமும் வேலைக்கு போகிறவர்களுக்கு கழுத்து, இடுப்பு வலிக்கும். அவர்களுக்கு நேர் ஹேண்டில்தான் சுகம். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், 2011-ல் மான்ட்ரா என்ற பெயரில் இரண்டு வகை சைக்கிளையும் விற்பனைக்கு கொண்டு வந்தது.

பழைய லிவர் சேராது

நேர் ஹேண்டிலில் கைப்பிடி மாட்டும் இடம் 22.2 மில்லி மீட்டர் தடிமன். வளைந்த ஹேண்டில் 23.8 மில்லி மீட்டர். அதனால் ஒன்றின் பிரேக் லிவர் மற்றதில் சரியாக உட்காராது. அடித்து ஏற்றக்கூடாது.

அடுத்தது ஒயர். ரிம்மின் இரண்டு பக்கமும் நீளமான கை உள்ள 'வி' பிரேக்குக்கு ஒயரை அதிகமாக இழுக்க வேண்டும். ரேஸ் சைக்கிள் லிவர் அதில் பாதி அளவுதான் இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் லிவர் ஹேண்டிலை தொட்டுவிடும், பிரேக் கட்டை ரிம்மை அழுத்தாது. மாற்றி மாட்டினால், லிவர் கெட்டியாக இருப்பது போல தோன்றும். ஆனால் சைக்கிள் நிற்காது.

கியர் லிவர்

பிரேக்கும் கியரும் சேர்ந்த லிவரை ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990-ல் கொண்டு வந்தது. இதன் விலை அதிகம். அதற்கு முன் ரேஸ் சைக்கிளில் பிரேம் பைப்பில்தான் கியர் லிவர் இருந்தது. 'டிக் டிக்' என்று விழும் லிவர் என்றால், அது பின்பக்க கியர் செட்டுடன் ஒத்துப்போக வேண்டும். 'டிக்' இல்லாத பழைய லிவர் பெரும்பாலும் எதற்கும் சேரும். காசும் மிச்சம்.

ஓட்டும் முன் இதை பாருங்க

* ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக திருப்புங்கள். ஒயர் இழுபடக்கூடாது.

* ஹேண்டில் தண்டில் உள்ள கோடு வெளியே தெரியும் அளவுக்கு மேலே தூக்கக்கூடாது. தண்டு உடையலாம்.

* ஹேண்டில் முனையில் மூடி கட்டாயம் வேண்டும். கீழே விழுந்தால் திறந்த பைப் வயிற்றில் குத்தும். குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

* முன் பிரேக்கை பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக்கூடாது. பின் பிரேக்கையும் அதேபோல் பாருங்கள்.

* எந்த கையில் முன் பிரேக் இருந்ததோ, அதே கையில் மாட்டுங்கள். அவசரத்தில் கை பழக்கப்படிதான் போகும்.

எல்லாம் முடிந்த பிறகும் சமதளத்தில் ஒரு நாள் ஓட்டி பார்த்துவிட்டு, அப்புறம் இறக்கத்துக்கு போங்கள்.