இரும்புச்சத்துக் கணக்கு: கம்ப்யூட்டர் சொன்ன பொய்யும் நான் செய்த தப்பும்

என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. டாக்டர் மாத்திரை கொடுத்தார், சாப்பாட்டையும் கவனிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. விடுவேனா? சாப்பிடுவதைப் பதிவு செய்யும் ஒரு இலவச அப்ளிகேஷனில் அன்றைய சாப்பாட்டை முழுக்க டைப் செய்தேன்.

இரும்புச்சத்து 38 மில்லிகிராம். தேவையைப் போல இரண்டு மடங்கு என்று பச்சைப் பட்டை காட்டியது. "ஏங்க, கம்ப்யூட்டர் சரின்னா அப்ப என் ரத்தம் பொய் சொல்லுதா?" என்றாள். பதில் தேடி உட்கார்ந்தேன்.

முதல் திருடன் முருங்கைக்கீரை. 100 கிராமுக்கு 28 மி.கி. என்று இருந்தது. அது காய வைத்து அரைத்த பொடிக்குச் சொல்லப்படும் அளவு. அமெரிக்க விவசாயத் துறையின் பட்டியலில் பச்சைக் கீரைக்கு 4 மி.கி.தான், வேக வைத்து வடித்தால் 2.3. யாரோ ஒரு பயனாளர் பொடியின் கணக்கைக் கீரையின் பெயரில் ஏற்றிவிட்டிருக்கிறார். இது போன்ற அப்ளிகேஷன்கள் பலவற்றில் யார் வேண்டுமானாலும் உணவைச் சேர்க்கலாம் என்பதை மறக்காதீர்கள். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. சேர்த்தவர் கலோரியை மட்டும் டைப் செய்து இரும்பைக் காலியாக விட்டிருப்பார். கூட்டும்போது அது பூஜ்யமாகிவிடும்.

இரண்டாவது தப்பு என்னுடையது. வெந்த பருப்பை எடை போட்டுவிட்டு, வேகாத பருப்பைத் தேர்வு செய்திருந்தேன். லென்டில்ஸ் என்று தேடினால் (நம் மைசூர்ப் பருப்பு இந்த வகைதான்) வேகாதது 100 கிராமில் 6.5 மி.கி., வெந்தது 3.3. தண்ணீர் குடித்துப் பருப்பு ஊதுகிறது, இரும்பா கூடும்?

இப்போது பயன்படுத்துவது குரோனோமீட்டர். பிரவுசரிலேயே திறக்கலாம். உணவைத் தேடும்போது, அந்தத் தகவல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் காட்டுகிறது. அமெரிக்க விவசாயத் துறையின் பெயர் இருப்பதைக் க்ளிக் செய்யுங்கள். நம் சாம்பார், கூட்டுக்கெல்லாம் அதில் நம்பிக்கையான பதிவு தேடிக் களைப்படைய வேண்டாம். ரெசிபி உருவாக்கும் வசதியில் வேகாத பொருட்களை ஒவ்வொன்றாக எடை போட்டுச் சேருங்கள். பிறகு சமைத்து முடித்த மொத்த எடையைக் கொடுத்தால், ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்பதை அதுவே வகுத்துக் கொள்ளும். ஒரு சமையலறைத் தராசு அவசியம். கண்ணளவு உதவாது.

திருத்திய பின் அந்த 38, 11 ஆனது. பட்டையோ 60 சதவீதம் என்றது. அதுவும் சரியில்லை! அப்ளிகேஷன் வைத்திருந்த இலக்கு 18 மி.கி., அது அமெரிக்கப் பெண்களுக்கானது. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் வளர்ந்த பெண்ணுக்கு 29, ஆணுக்கு 19. தானியமும் பருப்பும் பிரதானமான நம் சாப்பாட்டிலிருந்து உடம்பு குறைவான இரும்பையே உறிஞ்சுகிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். செட்டிங்கில் இலக்கை 29 என்று மாற்றினேன். 38 சதவீதம். ரத்தம் பொய் சொல்லவில்லை.

பாக்கெட் உணவை நீங்களே சேர்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க லேபிளில் இரும்பு 10 சதவீதம் என்றிருந்தால் அது 10 மி.கி. அல்ல, 18-ல் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.8.

மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்யாதீர்கள். சேர்த்தால் பட்டை எப்போதும் பச்சையாகவே இருக்கும், தட்டில் என்ன குறை என்பது தெரியாது. நான் அதற்குத் தனியாக ஒரு எக்ஸெல் ஃபைல் வைத்திருக்கிறேன்.

எந்தப் பட்டையும் காட்டாத ஒன்றும் உண்டு. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும், எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். காலை இட்லியோடு வரும் டீ எங்கள் வீட்டில் இப்போது பதினொரு மணிக்குப் போய்விட்டது. இதற்குத்தான் அவள் இன்னும் முணுமுணுக்கிறாள்.

அடுத்த பரிசோதனை இரண்டு மாதம் கழித்து. பதிவு செய்த தாளைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்ட.