டோர்ச் லைட்டுக்குள் பூத்த உப்பு

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கரண்ட் போனால் லயத்தில் முதலில் கை தேடுவது டோர்ச் லைட்டை. அந்த நேரம் பார்த்து எரியாது. மூடியைத் திருகிப் பார்த்தால் சுருள்கம்பியில் வெள்ளை உப்பு பூத்து, அடியில் பச்சை படர்ந்திருக்கும்.

ஏன்? அல்கலைன் பெட்டரிக்குள் இருப்பது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற கடுங்காரம். பெட்டரி தீர்ந்தபின்னும் உள்ளேயே கிடந்தால் ஐதரசன் வாயு சேர்ந்து அடைப்பைப் பிளக்கும். கசிந்த காரம் காற்றின் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெள்ளைக் காபனேற்றாகப் படியும். மின்சாரம் அதைத் தாண்டாது. பழையதும் புதியதும் கலந்து போட்டால் கசிவு இன்னும் சீக்கிரம் வரும்.

எப்படி எடுப்பது? காரத்துக்கு அமிலம். பெட்டரியைக் கழற்றிவிட்டு, ஈர்க்கில் பஞ்சு சுற்றி, வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ தோய்த்துத் தடவுங்கள். சின்னதாய் நுரைக்கும், சிக்கிய காபனீரொட்சைட்டுதான் அப்படித் திரும்பிப் போகிறது. நுரை அடங்கியதும் பழைய பல்பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடையுங்கள். அமிலம் மிஞ்சினால் அதுவே உலோகத்தை அரிக்கும். மலிவான காபன் பெட்டரியின் கசிவு அமிலமானது. அதற்கு அப்பச்சோடாக் கரைசல்.

நுவரெலியா மூடுபனியில் ஈரம் லேசில் போகாது. அடுப்படி ஓரம் ஒரு நாள் காயட்டும். பூத்த உப்பைத் தொட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், பிள்ளைகளையும் தள்ளியே வையுங்கள்.