மேல்காற்று அடித்தால் கடற்கரை வேண்டாம்

ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் வீடு இருந்தால், ஊரிலிருந்து வருகிற எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போகும் வேலை தானாகவே வந்து சேரும். என் மாமியார் வந்தபோதும் சியெஸ்டா கீதான் முதல் திட்டம். அங்கே மணல் ஏறக்குறைய சுத்தமான படிகக்கல் தூள். உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம். ஆனால் அத்தைக்கு வீசிங் உண்டு, கைப்பையில் திருநீற்றுக்குப் பக்கத்திலேயே இன்ஹேலர் இருக்கும். மாதமோ அக்டோபர். அதனால் நான் முதலில் பார்த்தது ஹோட்டலை அல்ல, காற்று எந்தத் திசை என்பதை.

மெக்சிகோ வளைகுடாவில் கரேனியா பிரெவிஸ் என்று ஒரு நுண்பாசி உண்டு. ஒரே செல் உயிர். சாதாரண நாளிலும் தண்ணீரில் கொஞ்சம் இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கடலுக்குள் பெருகத் தொடங்கி, நீரோட்டத்தோடும் காற்றோடும் கரைக்கு வந்துவிடும். இதைத்தான் ‘ரெட் டைட்’, அதாவது சிவப்பு அலை, என்கிறார்கள். கோடைக் கடைசியிலிருந்து டிசம்பர் வரை அதிகம். அப்படியொரு வரம்பு எப்போதும் உண்டென்று நம்பவும் முடியாது: 2017 அக்டோபரில் தொடங்கியது 2019 தொடக்கம்வரை ஓயவில்லை. மீன்கள் கரை ஒதுங்கின, கடல் பசுக்களும் ஆமைகளும் செத்தன, 2018 ஆகஸ்டில் மாநில ஆளுநர் அவசரநிலை அறிவித்தார்.

மீன் சாவது சரி, கரையில் நிற்கிற மனுஷிக்கு ஏன் மூச்சு முட்ட வேண்டும்? இந்தச் செல்லுக்குக் கெட்டியான ஓடு கிடையாது. அலை புரளும்போது உடைந்துவிடும். உள்ளிருக்கும் பிரெவிடாக்சின் என்ற நஞ்சு நீரில் கலந்து, நுரைக் குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் உப்புத் துளியோடு காற்றில் ஏறும். அந்தக் காற்று கரைப் பக்கம் வீசினால் மூக்கு ஒழுகும், கண் எரியும், தொண்டை கமறும். வத்தல் கருகின நெடி வீட்டைச் சுற்றுவது போல, ஒருவர் இருமத் தொடங்கினால் கடற்கரையே இருமும். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கு அங்கிருந்து நகர்ந்தால் சரியாகிவிடும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அப்படியல்ல, மூச்சுக்குழல் சுருங்கும். இதே கரையிலுள்ள சரசோட்டா கடற்கரையில் ஆஸ்துமா உள்ளவர்களை ஒரு மணி நேரம் இருக்கச் சொல்லி, முன்னும் பின்னும் ஊதவைத்து அளந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகவே காட்டின.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெளிவாகத் தெரிகிற கடலிலும் இது இருக்கலாம். நம்ப வேண்டியது எண்ணிக்கையை. ஃபுளோரிடாவின் மீன், வனவிலங்குத் துறை கடல்நீரை எடுத்து, ஒரு லிட்டரில் எத்தனை செல் என்று எண்ணி வரைபடமாகப் போடுகிறது. ஆயிரத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. அதைத் தாண்டினால் ‘மிகக் குறைவு’ என்று குறிப்பார்கள்; அப்போதே இருமல் வர வாய்ப்புண்டு. 5,000-ஐத் தாண்டினால் அந்தப் பகுதியில் சிப்பி, மட்டி எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பத்து லட்சத்துக்கு மேல் போனால்தான் ‘அதிகம்’ என்று எழுதுவார்கள். ‘மிகக் குறைவு’ என்று போட்டிருக்கிறதே என்று வீசிங் உள்ளவரைக் கூட்டிப்போகக் கூடாது என்பது என் கட்சி. அந்தச் சொல் பாசிக்கு எழுதப்பட்டது, உங்கள் மாமியாருக்கு அல்ல.

இனி காற்று. இந்த வளைகுடாக் கரையின் பெரும்பாலான பீச்சுகள் மேற்கே பார்த்தவை. எனவே மேல்காற்று அடித்தால் நஞ்சு நம் மூக்குக்கு வரும், கீழ்க்காற்று அடித்தால் கடலுக்கே போகும். இதை அத்தையிடம் சொன்னபோது, “என்னம்மா இது, எங்கூர்ல மேக்காத்து வந்தாத்தான் குத்தாலத்துல சாரல், சீசன். இங்க அதே காத்து ஆள அடிக்குதா!” என்றார். அவருக்கு விளக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பொதுவாகக் காலையில் நிலத்துக் காற்று, மதியத்துக்கு மேல் கடல் காற்று. போவதென்றால் காலையில் போவது நல்லது. ஆனால் சானிபெல் தீவின் கரை தெற்கே பார்த்தது; அங்கே தென்றல்தான் எதிரி. பீச் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாமல் காற்றின் திசையை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஒரே நாளில் ஒரு பீச்சில் இருமல், சில மைல் தள்ளி இன்னொன்றில் ஒன்றுமில்லை என்பது இங்கே சகஜம். சரசோட்டாவில் உள்ள மோட் கடல் ஆய்வகம், எந்தெந்தக் கரையில் ஆட்கள் இருமுகிறார்கள், செத்த மீன் கிடக்கிறதா என்று நேரில் பார்த்துத் தெரிவிக்கிறது. அமெரிக்க அரசின் வானிலை, கடல் அமைப்பான நோவா சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சுத் தொல்லை முன்கணிப்பும் தருகிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு ஒருமுறை, காலையில் காபிக்கு முன் ஒருமுறை பார்த்தால் போதும்.

கடலில் நுண்ணுயிர் பெருகுகிறது என்றதும் 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவுக்கு வரலாம்; அது நாக்டிலுகா என்ற வேறு உயிர். அந்த நினைப்பில் இங்கே யாரும் வேடிக்கை பார்க்க ஓட வேண்டாம்.

நாங்கள் போக நினைத்த அன்று காற்று மேற்கிலிருந்து. சியெஸ்டா கீயை விட்டுவிட்டு வடக்கே வீக்கி வாச்சி ஊற்றுக்குப் போனோம். நன்னீர் ஊற்று, இந்தப் பாசிக்கு அங்கே வேலையில்லை. கண்ணாடி போன்ற நீர், வருஷம் முழுக்க ஒரே குளிர்ச்சி. அத்தை காலை நனைத்துவிட்டு, “தாமிரபரணிதான் உசத்தி” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அட்லாண்டிக் கரைக்கும் போயிருக்கலாம். அங்கே ரெட் டைட் அபூர்வம். ஆனால் குறுக்கே மாநிலத்தையே கடந்து கார் ஓட்ட வேண்டும்.

வீட்டில் ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள் இருந்தால், கடலை ஒட்டிய அறைக்கு முன்கூட்டியே பணம் கட்டும்போது, ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். தெரிந்த குடும்பம் ஒன்று கேட்காமல் கட்டி, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு விடுமுறையைக் கழித்தது. இருமல் தொடங்கினால் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, உள்நாட்டுப் பக்கம் கிளம்பிவிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர் கையில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல. அதற்கும் அடங்காவிட்டால் யோசிக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள்.