புகைப் பரிசோதனைக்கு முன் பழைய ஜீப்பைத் தயார்படுத்துவோம்

எமது கிராமத்து வீதிகளில் பழைய ஜீப் வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விதை நெல்லை வயலுக்கும், மரக்கறியைச் சந்தைக்கும், அவசரமென்றால் நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டு செல்வது இவைதான். யுத்தத்தில் குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் சிலவற்றில், அவர் விட்டுச் சென்ற ஒரே சொத்தும் வருமானமும் இப்படியான ஒரு வண்டியாக இருக்கும்.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் வரும்போது, "இந்தப் பழசு பாஸாகுமா?" என்ற கவலை வந்துவிடுகிறது. கராஜில் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுக் கடன் வாங்கிக் கொடுக்கிறோம். வண்டியைப் பற்றிச் சில அடிப்படை விடயங்களை அறிந்திருந்தால் அந்த நிலை வராது.

பரிசோதனையில் பார்ப்பது எதை?

வாகனப் புகைப் பரிசோதனை 2008ஆம் ஆண்டு மேல் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அனுமதிப்பத்திரம் பெறப் புகைச் சான்றிதழும் காப்புறுதிச் சான்றிதழும் வேண்டும். பஸ், லொறி போன்றவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேறாகத் தேவை. உங்கள் வண்டி எந்த வகுப்பில் பதியப்பட்டுள்ளது என்று பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். வண்டி இன்னும் கணவரின் பெயரிலேயே இருந்தால், என்ன செய்யவேண்டும் என்பதைக் கடைசி நாள்வரை காத்திராமல் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப் பரிசோதனை புகையைத்தான் அளக்கும். பிறேக் பிடிக்குமா, ஸ்டியரிங் உறுதியாக இருக்கிறதா என்று அது சொல்லாது. சான்றிதழ் கையில் இருக்கும்போதே பிறேக் இல்லாமல் போகலாம். ஆகவே புகைக்காக வண்டியைத் தயார்படுத்தும் அதே மாதத்தில் முழு வண்டியையும் நாமே பரிசோதித்துவிட வேண்டும்.

புகையின் நிறம் என்ன சொல்கிறது?

டீசல் வண்டியில் கறுப்புப் புகை வந்தால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பின்பும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. கராஜுக்குப் போகும் முன் இதைக் கவனித்து எழுதி வையுங்கள். கறுப்புப் புகைக்கு உடனே "எஞ்சின் செய்யவேண்டும்" என்று ஒருவர் சொன்னால், "முதலில் காற்று வடிகட்டியைப் பார்த்தீர்களா?" என்று கேட்க உங்களுக்குத் துணிவு வரும்.

செம்மண் புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டிதான் முதல் எதிரி. பழைய லான்ட் றோவர் போன்ற ஜீப்புகள் பலவற்றில் ஒயில் கிண்ணம் உள்ள வடிகட்டியே இருக்கும். கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் சேறு படிந்திருக்கும். அதைக் கழுவித் துடைத்து, குறியிட்ட மட்டம்வரை மட்டும் புது ஒயில் விடுங்கள். கூடுதலாக விட்டால் எஞ்சின் அதை உறிஞ்சி நீலப் புகை கக்கும். கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கவும் கூடும்.

அடுத்தது டீசல் வடிகட்டி. பரலில் வைத்த டீசலில் தண்ணீர் சேர்ந்துவிடும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். பழைய வடிகட்டியானால் மாற்றுங்கள். இவை இரண்டும் செய்த பின்பும் கறுப்புப் புகை நிற்காவிட்டால்தான் நோசில்களைக் கழற்றிப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

பரிசோதனைக்காக டீசல் பம்பின் திருகைக் குறைத்துவிட்டு, பாஸான பின் மீண்டும் கூட்டுகிறவர்கள் உண்டு. இது எம்மை நாமே ஏமாற்றுவது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் அறிவித்தது. அந்தப் புகையைச் சுவாசிப்பது வண்டியின் பின்னால் இருக்கும் எம் பிள்ளைகளே.

வண்டியின் அடிப்பகுதி

லான்ட் றோவர் 1948இல் அறிமுகமானபோது, போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடல் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் வெளித்தோற்றம் துருப்பிடிக்காமல் இருக்கும். ஆனால் கீழே தாங்கும் செசி இரும்பு. உள்ளே சேறு தங்கி அது மெல்ல மெல்ல உக்கும். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ துகள் உதிர்ந்தாலோ அங்கே துரு உண்டு. அதன்மேல் தார் பூசி மறைக்க விடாதீர்கள். உக்கியதை வெட்டிப் புது இரும்பு வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் முன் பற்றரியின் இணைப்பைக் கழற்ற வேண்டும்.

வெள்ளத்தில் அல்லது ஆற்றில் இறங்கிய வண்டியென்றால், அச்சுகளின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டிகளின் ஒயிலைப் பாருங்கள். பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும்.

பிறேக், ஸ்டியரிங், ரயர்

பிறேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உண்டு. ஒவ்வொரு சில்லின் உட்புறத்திலும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய லான்ட் றோவரின் கைப்பிறேக் சில்லுகளில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் இருக்கிறது. அங்கே ஒயில் கசிந்து ஊறினால் கைப்பிறேக் பிடிக்காது. ஓடும்போது அதை இழுக்கவும் கூடாது. தண்டும் பல்சக்கரமும் உடையும்.

ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் ஆட்ட, மற்றவர் முன் சில்லுகளுக்கு அருகிலுள்ள மூட்டுகளைப் பார்க்க வேண்டும். மூட்டு தளர்ந்து ஆடினால் மாற்றுங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1219 என்றால் 2019இன் 12ஆம் வாரத்தில் செய்தது. வெடிப்பு விழுந்த ரயர் பூ தேயாவிட்டாலும் ஆபத்தானது.

அவதானம்

எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்தால் சேலைத் தலைப்பு, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் விசிறிப் பக்கம் போகக்கூடாது. முடியைக் கட்டி, தலைப்பைச் சொருகிக்கொள்ளுங்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். செங்கல்லும் தாங்காது, உறுதியான இரும்புத் தாங்கி வேண்டும்.

பரிசோதனை நாளில்

டீசல் வண்டியில் புகைக்குழாயில் கருவியை வைத்து அக்சிலேட்டரைப் பலமுறை முழுமையாக மிதிப்பார்கள். எஞ்சின் உச்ச வேகத்துக்குப் போகும். ஆகவே ஒயில் மட்டம், றேடியேற்றர் தண்ணீர், பட்டிகள் ஆகியவற்றை முதல் நாளே பாருங்கள். டைமிங் பட்டி உள்ள எஞ்சினானால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். குளிர்ந்த எஞ்சினுடன் போகாதீர்கள். அரைமணி நேரம் நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போனால், குழாயில் படிந்த கரியும் வெளியேறிவிடும்.

தவறிவிட்டால் கலங்க வேண்டாம். அளவீடு எழுதிய தாளைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வேலை தொடங்கும் முன் செலவை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய உதிரிப்பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வண்டிக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். ஒயில் மாற்றிய திகதி, வடிகட்டி வாங்கிய விலை, ஓடிய தூரம், புகை அளவீடு எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் வண்டியைப் பற்றி உங்களைவிட அதிகம் அறிந்தவர் அங்கே எவரும் இருக்கமாட்டார்.