சின்ன இடத்துக்குச் சின்ன கோஸ்

நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு அரைக் கிலோ முட்டைக்கோஸ் தாராளம். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ, இரண்டு கிலோ. பாதியை அரிந்துவிட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால், வெட்டிய பக்கம் கறுத்து வாடை ஏறிவிடுகிறது. வீட்டுத் தோட்டத்தில் கோஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தேவையே இல்லை. ஒரு வேளைக்கு ஒரு கோஸ் என்று கணக்கு வைத்து, இறுக்கமாக, கைக்கு அடக்கமாக வளர்க்கலாம். கோஸ் எந்த அளவில் வரும் என்பதில் பாதி ரகத்தின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி நம் கையில்தான்.

முதலில் கோஸ் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். செடி நட்டதும் முதலில் விரிந்த இலைகளை மட்டுமே விடும். அகலமாகப் படர்ந்து வெயிலை வாங்கும் இந்த வெளி இலைகள்தான் செடிக்குச் சமையல் செய்கின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு நடுக்குருத்திலிருந்து வரும் புது இலைகள் விரியாமல் உள்நோக்கி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியத் தொடங்கும். உள்ளே இலை சேரச் சேர உருண்டை இறுகும். வெளி இலை நன்றாக இருந்தால்தான் உள்ளே சத்துப் போகும். சமையலுக்கு ஆகும் என்று வெளி இலையை நடுவில் ஒடிக்கிறவர்கள் உண்டு. அறுவடை வரைக்கும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த இலை வளைவதற்குக் குளிர் வேண்டும். 15 முதல் 20 டிகிரி வரையிலான வெப்பநிலையில் கோஸ் அருமையாக இறுகும். ஊட்டி, கொடைக்கானலில் வருஷத்தின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது. ஓசூர்ப் பக்கமும் பரவாயில்லை. சென்னை, மதுரை, திருச்சிக்காரர்களுக்கு மார்கழியும் தையும் மட்டுமே கைகொடுக்கும். அதனால் சமவெளியில் நாள் பார்த்துத்தான் விதைக்க வேண்டும். புரட்டாசி தொடக்கத்தில் விதைத்தால் ஐப்பசியில் நடலாம். கார்த்திகையில் உருண்டை பிடித்து, மார்கழியில் கைக்கு வரும். பொங்கல் முடிந்த பிறகு ஆசையாக விதைத்தால் பங்குனி வெயிலில் இலை இலையாகவே நிற்கும், உருண்டை பிடிக்காது. இந்தப் பயிரில் உரத்தைவிட, மருந்தைவிட, நாள்தான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து.

ரகத்துக்கு வருவோம். சின்ன இடத்துக்கு நம்பிப் போடக்கூடிய பழைய ரகம் கோல்டன் ஏக்கர். வெளி இலைகள் குறைவு, உருண்டை சிறியது, நட்ட 60 முதல் 65 நாட்களில் தயாராகும். வழக்கமான இடைவெளியில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரும். நெருக்கி நட்டால் அதைவிடச் சிறிதாக நிற்கும். பிரைட் ஆஃப் இந்தியாவும் இதே வகை. தட்டையாகப் பெரிதாக வரும் டிரம்ஹெட் ரகங்கள் வயலுக்கு உரியவை. மூன்று கிலோவுக்கு மேல் போகும், நாளும் அதிகம், வீட்டுப் பாத்தியில் வேண்டாம். ஹைபிரிட் விதை வாங்குகிறவர்கள் பாக்கெட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: நட்டதிலிருந்து எத்தனை நாள், கோஸின் எடை எவ்வளவு, வெப்பம் தாங்குமா. படத்தைப் பார்த்து வாங்க வேண்டாம்.

விதையை வருஷா வருஷம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். கோஸ் இரண்டு பருவச் செடி. முதல் பருவத்தில் இலை உருண்டையைக் கட்டும். பல வாரம் கடுங்குளிரில் இருந்த பிறகுதான் பூத்து விதை பிடிக்கும். நம் ஊர்ச் சமவெளியில் அந்தக் குளிர் கிடையாது. அதனால்தான் இந்த விதை உற்பத்தி இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு மாதிரியான குளிர்ப் பகுதிகளில் நடக்கிறது.

நாற்றுக்குக் குழித்தட்டு வசதியானது. தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதையாக அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் போதும். நாலைந்து நாளில் முளைத்துவிடும். புரட்டாசி, ஐப்பசி மழைதான் இங்கே எதிரி. தட்டில் தண்ணீர் தேங்கினால் தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நைந்து, நாற்று சாய்ந்து செத்துப்போகும். மழை நேரடியாக விழாத, ஆனால் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். இருட்டு மூலையில் வைத்தால் நாற்று ஒல்லியாக நீண்டுவிடும்; அது பிறகு தேறாது. ஒரு மாதத்தில் நாலைந்து இலை வந்ததும் நடலாம். நடும்போது ஒவ்வொரு நாற்றின் நடுக்குருத்தையும் குனிந்து பாருங்கள். குருத்து இல்லாத, அல்லது பூச்சி தின்ற நாற்று எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதில் ஒழுங்கான உருண்டை வராது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இனி, அளவைத் தீர்மானிக்கிற இடைவெளி. வயலில் சமவெளிக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. என்பது வழக்கம். வீட்டில் நாலு பக்கமும் 30 செ.மீ. விட்டு நடலாம். நாலடிக்கு நாலடிப் பாத்தி என்றால் பதினாறு செடி கொள்ளும். பக்கத்துச் செடியின் வேர் வந்து முட்டுவதால் எந்தச் செடியும் தன் முழு அளவுக்குப் போகாது. உருண்டை அரைக் கிலோ, முக்கால் கிலோவில் இறுகி நின்றுவிடும். ஒரு வேளைக்கு ஒரு கோஸ் கிடைப்பது இப்படித்தான். 25 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். அதற்குமேல் நெருக்கினால் காற்றோட்டம் கெட்டு இலை அழுகும், பாதிச் செடிகளில் உருண்டையே பிடிக்காது.

மாடியில் வைப்பவர்கள் 12 அங்குலப் பையில் ஒரு செடி வைக்கலாம். கோஸின் வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே இருப்பதால் ஆழமான பை தேவையில்லை. ஆனால் அதே காரணத்தால் தண்ணீருக்குச் சட்டென்று தவிக்கும். பாத்தியில் நடுகிறவர்கள் பதினாறு செடியையும் ஒரே நாளில் நடாமல், இரண்டு வார இடைவெளியில் நாலைந்தாக நடுங்கள். இல்லாவிட்டால் மார்கழியில் ஒரே வாரத்தில் பதினாறு கோஸ் வந்து நிற்கும்.

உரம் விஷயத்தில் ஒரே விதிதான்: முன்னால் தாராளமாக, பின்னால் கையை இறுக்கி. நடுவதற்கு முன் நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்துவிடுங்கள். நட்ட மூன்றாம் வாரம், உருண்டை பிடிக்கும் முன், புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை நன்றாகத் தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். உருண்டை பிடித்த பிறகு தழைச்சத்து கூடினால் உள்ளே வளர்ச்சி வேகமாகி, கோஸ் தளர்ந்துபோகும், வெடிக்கவும் செய்யும். தண்டை வெட்டிப் பார்க்கும்போது நடுவில் பொந்து இருந்தால் போரான் சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் குடும்பத்துச் செடிகள் அதை அதிகம் கேட்பவை.

தண்ணீரை ஒரே சீராக விட வேண்டும். நாலு நாள் காயப் போட்டுவிட்டுத் திடீரென்று வாளி வாளியாக ஊற்றினாலோ, காய்ந்து கிடந்த பாத்தியில் பெருமழை பெய்தாலோ, இறுகிய உருண்டை உள்ளிருந்து பிதுங்கி வாய் பிளக்கும். மண்ணின்மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தயாரான கோஸை இன்னும் சில நாள் செடியிலேயே வைத்திருக்க வேண்டுமென்றால் ஒரு கைமுறை இருக்கிறது. உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து, செடியை அரைச் சுற்றுத் திருகிவிட வேண்டும். வேரில் கொஞ்சம் அறுந்து, தண்ணீர் ஏறுவது குறையும், வெடிப்பு நிற்கும்.

பூச்சிக்கு வருவோம், ஏனென்றால் பலரும் கோஸைக் கைவிடுவது இங்கேதான். இலையின் அடியில் திருப்பிப் பாருங்கள். இரண்டு முனையும் கூராக, வெளிர்பச்சையாக, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில் ஒரு புழு இருக்கும். விரலால் தொட்டால் துள்ளிப் பின்னால் நகரும்; சில சமயம் நூல் விட்டுக் கீழே தொங்கும். அதுதான் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. குட்டிப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளிச்சத்துக்கு எதிரே இலையைப் பிடித்தால் கண்ணாடித் திட்டுக்கள் தெரியும். திட்டுக்கள் தெரிந்த அன்றே கவனித்தால் கையாலேயே பொறுக்கிவிடலாம். பூச்சிக்கொல்லிகளுக்கெல்லாம் சீக்கிரம் பழகிவிடுவதில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பூச்சி இது. அதனால் வீட்டில் ரசாயன மருந்தைத் தேடுவதில் பொருளில்லை.

சின்னப் பாத்திக்கு எல்லாவற்றிலும் சிறந்த வழி வலை. நட்ட அன்றே நாலு மூங்கில் குச்சியை வளைத்து ஊன்றி, கொசுவலையை மேலே போட்டு, ஓரத்தை மண்ணால் மூடிவிடுங்கள். நாம் சாப்பிடுவது இலையைத்தான், காயை அல்ல. தேனீ வந்து மகரந்தம் சேர்க்க வேண்டிய வேலையே இல்லை. அறுவடை வரை வலையை எடுக்காமல் விடலாம். கத்தரிக்கும் பூசணிக்கும் கிடைக்காத சௌகரியம் இது. ஒரு எச்சரிக்கை: இலை வலையைத் தொடாத உயரத்தில் குச்சி இருக்கட்டும்; தொட்டால் அந்து வெளியிலிருந்தே முட்டை வைக்கும்.

வலை முடியாதவர்களுக்குக் கடுகு இருக்கிறது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வயலுக்குச் சொன்ன முறை, 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு. கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசையும், நட்ட 25 நாள் கழித்து இன்னொரு வரிசையும் விதைப்பார்கள். அந்து கோஸைவிடக் கடுகை விரும்பி அங்கே முட்டையிடும். வீட்டில் பாத்தியின் ஓரத்தில் அஞ்சறைப்பெட்டிக் கடுகையே தூவலாம், முளைக்கும். கடுகில் சேரும் புழுவை அப்படியே விட்டால் அது பண்ணையாகிவிடும். இலையோடு பறித்து அழித்துவிட வேண்டும்.

வேப்பங்கொட்டைக் கரைசலும் நன்றாக வேலை செய்யும். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்ட வேண்டும். கோஸ் இலையில் மெழுகுப் படலம் இருப்பதால் வெறும் கரைசல் முத்து முத்தாக உருண்டு கீழே ஓடிவிடும். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால்தான் ஒட்டும். வெயிலில் வேம்பின் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.

நோயில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கி, அதன் நரம்புகள் கறுத்தால் அது கருப்பு அழுகல். செடியைப் பிடுங்கி வெளியே போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம்.

உருண்டையின் உச்சியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்காமல் கெட்டியாக இருந்தால் தயார். எடைக்காகக் காத்திருக்க வேண்டாம். காலையில், இரண்டு மூன்று வெளி இலைகளோடு சேர்த்து அறுத்தால் வாடாது. செடியைப் பிடுங்காமல் தண்டையும் அடி இலைகளையும் அப்படியே விட்டு, வெட்டிய தண்டின் தலையில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போடுங்கள். சில வாரங்களில் இலைக்கணுக்களிலிருந்து மூன்று நாலு சின்னக் கோஸ்கள் முளைக்கும். எல்லாவற்றையும் விட்டால் எலுமிச்சை அளவு. ஒன்றை மட்டும் விட்டால் ஒரு கைப்பிடி. மார்கழியில் அறுத்த செடிகளில் இது நன்றாக வரும், மாசிக்குப் பிறகு வராது.

மாசி முடிந்ததும் தண்டுகளை வேரோடு எடுத்துவிடுங்கள். அடுத்ததாக அந்த இடத்தில் காலிஃபிளவர், முள்ளங்கி, நூக்கல், கடுகு எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், ஒரே பூச்சி. கொத்தவரையோ வெண்டையோ போட்டால் கோடையில் நன்றாக வரும்.