மிக்ஸரைச் சுமக்க வேண்டியது சுவர்

குளியலறைக்கு வால் மிக்ஸர் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்ப்பார்கள், கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார்கள், விலையைப் பேசுவார்கள். அதைச் சுவரில் எதில் மாட்டப் போகிறோம் என்று கேட்பவர்கள் குறைவு. அது பிளம்பர் பாடு என்று விட்டுவிடுவார்கள். சுவருக்கு வெளியே தெரியும்படி மாட்டும் மிக்ஸர் எத்தனை வருஷம் ஒழுகாமல் உழைக்கும் என்பதோ டைல்ஸுக்குப் பின்னால் உள்ள பிடிமானத்தைப் பொறுத்தது. தண்ணீரைக் கொண்டுவருவது குழாயின் வேலை, பாரத்தைத் தாங்குவது சுவரின் வேலை. நம் வீடுகளில் இரண்டு வேலையையும் குழாயின் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

வழக்கமாக நடப்பது இதுதான். சுவரில் காடி வெட்டி, சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் இரண்டு சிபிவிசி குழாய்களை இறக்கி, முனையில் பித்தளை மரை உள்ள எல்போவை ஒட்டி, கலவையால் அடைத்துப் பூசிவிடுவார்கள். டைல்ஸ் ஒட்டியபின் அந்த அரை அங்குல மரைகளில் எஸ் வடிவ லெக்கைத் திருகி, முக்கால் அங்குல நட்டால் மிக்ஸரை இறுக்கினால் வேலை முடிந்தது. மிக்ஸரோ கனத்த பித்தளை. அதற்கு மேலே ஷவருக்குப் போகும் நீளக் குழாய் வேறு. போதாததற்கு வாளியை அதில் மாட்டுவோம், ஈரத்துணியைப் போடுவோம், கால் வழுக்கினால் கை தானாக அதைத்தான் பற்றும். 15 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளி 15 கிலோவுக்கு மேல். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி அது தொங்கும்போது பாரம் கீழே மட்டும் இழுப்பதில்லை, மிக்ஸரைச் சுவரிலிருந்து நெம்பவும் செய்கிறது. மிக்ஸரைத் தாங்க, மேலும் கீழும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் திருகுகள் போட்டுச் சுவரில் இறுக்கிய தகடு ஒன்று இருந்தால், மேல் திருகுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 30 கிலோ இழுவையைச் சமாளிக்க வேண்டும். செங்கல் சுவரில் ஒழுங்காக இறங்கிய பிளக்குகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. தகடு இல்லையென்றால் அதே நெம்பல் பித்தளையும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில் போய் விழும்.

குழாய்தான் சிமெண்டுக்குள் புதைந்திருக்கிறதே, அது தாங்காதா என்று கேட்கலாம். கலவை வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சுற்றி அடைத்துக்கொண்டு நிற்குமே தவிர, செங்கல்லைப் பிடிப்பதுபோல் பிடிக்காது. அதோடு சிபிவிசி சூட்டில் நீளும் பொருள். ஒரு மீட்டர் குழாய் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். செம்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆகவே கீசர் போடும்போதெல்லாம் சுடுதண்ணீர்ப் பக்கத்து எல்போ தள்ளப்பட்டுத் திரும்புகிறது. ஒரு பக்கம் சூடு, இன்னொரு பக்கம் வாளி என்று இழுபட்டால் ஒட்டு விடத்தானே செய்யும்? அந்தக் கசிவு வெளியே வராமல் டைல்ஸுக்குப் பின்னாலேயே இறங்கி, அடுத்த அறைச் சுவரில் ஓதமாகத் தலைகாட்டும்.

எஸ் லெக் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடும் என்பது பிளம்பர்களின் இன்னொரு சமாதானம். மிக்ஸரின் இரு வாய்களுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம். குழாய்முனைகள் கொஞ்சம் விலகியிருந்தால் லெக்கைத் திருப்பி ஈடுகட்டலாம் என்பது உண்மை. ஆனால் அது அளவைத் திருத்தும் கருவி, தாங்கும் கருவி அல்ல.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல வழி, டைல்ஸுக்கு அடியில் போகும் தகடு. இரண்டு பித்தளை எல்போக்களும் சரியாக 150 மில்லிமீட்டரில் ஒரே தகட்டில் நிற்கும். தகட்டைப் பூச்சுக்கு முன்பே சுவரில் திருகிவிட வேண்டும். இங்கே எல்லாரும் கோட்டைவிடுவது ஆழத்தில். பூச்சு 12 முதல் 15 மில்லிமீட்டர், அதன்மேல் ஒட்டும் கலவை, அதன்மேல் 8 முதல் 10 மில்லிமீட்டர் டைல். இவ்வளவையும் கூட்டி, மரையின் வாய் டைலின் முகத்தோடு சமமாக வரும்படி தகட்டை நிறுத்த வேண்டும். உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்ட நேரும். நீட்டிய ஒவ்வொரு துண்டும் நெம்பலைக் கூட்டும். வெளியே துருத்தினால் லெக்கைச் சுற்றி மூடும் பிளாஞ்ச் சுவரில் உட்காராது. எனவே டைலைத் தேர்ந்தெடுத்த பிறகே தகட்டைப் பொருத்துவது நல்லது. ரசமட்டம் வைத்து இரு வாயும் ஒரே மட்டத்தில் இருப்பதை உறுதிசெய்து, டம்மி பிளக் போட்டு பிரஷர் டெஸ்ட் முடித்தபின்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். ஏஏசி பிளாக் சுவரென்றால் சாதாரண நைலான் பிளக் வேண்டாம், பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்தக் கல்லுக்கென்றே வரும் அகலமான பிளக்கோ ரசாயன ஆங்கரோ தேவை.

டைல்ஸ் ஒட்டி முடித்துவிட்ட வீட்டுக்கு, டைலின் மேலேயே திருகும் தகடு. பிரிட்டனில் பார் மிக்ஸர்களுக்கு இது சர்வசாதாரணம்: சுவரிலிருந்து வரும் 15 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டும் தகட்டுக்குள் நுழைந்து இறுகிக்கொள்ளும், தகடு சுவரைப் பிடித்துக்கொள்ளும், மிக்ஸர் தகட்டில் உட்காரும். நல்ல டைல்ஸில் மேலும் ஓட்டை போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காதா என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் குழாய்க்காக ஏற்கெனவே போட்ட இரண்டு ஓட்டைகள் திருகு ஓட்டைகளைவிடப் பெரியவை. அவற்றை யாரும் அடைப்பதே இல்லை. திருகு போகும் ஒவ்வொரு துளையிலும் சிலிக்கான் நிரப்பி, தகட்டின் மேல்புறமும் பக்கங்களும் பூசிவிட்டு, அடிப்புறத்தை மட்டும் திறந்தே விட வேண்டும். உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். டைலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லின் ஹேம்மரை நிறுத்திவைத்துத் துளையிட்டு, டைலைத் தாண்டிய பிறகே ஹேம்மரைப் போட்டால் விரிசல் விழாது. திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோரத்திலும் உப்புத்தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளிலும் 304-ஐவிட 316 ரகம் தாக்குப்பிடிக்கும்.

தகடே இல்லாமல் ஏற்கெனவே மாட்டியாகிவிட்ட மிக்ஸர் தொட்டால் ஆடுகிறது என்றால், நட்டை மேலும் இறுக்குவது ஆபத்து. ஸ்பானரின் முறுக்கு நேராக எல்போவுக்குத்தான் போகும். வால்வை மூடி, மிக்ஸரைக் கழற்றி, லெக்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். லெக்கோடு சேர்ந்து சுவருக்குள்ளிருக்கும் மரையும் அசைந்தால், அந்த இரண்டு டைல்களை உடைத்துத் தகடு வைப்பது தவிர வேறு வழியில்லை. மரை அசையாமல் மிக்ஸர் மட்டும் ஆடினால் வாஷரை மாற்றி, ஷவர் குழாயின் மேல்பகுதியில் ஒரு கிளாம்ப் போட்டு, வாளிக்குத் தனியாக ஒரு கொக்கி அடித்துவிட்டால் போதும்.